உயிரோடு இருப்பவருக்கு மாலை அனுப்புவது எப்படி

இருபத்தைந்து வயதில் ஓய்வு பெறுகிற ஆள் இந்தப் பினாங்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உத்தியோகத்திலிருந்து அல்ல, நிழல் சங்கத்தின் காரியதரிசிப் பதவியிலிருந்து. நான் குமாஸ்தாவாக இருக்கும் கப்பல் ஆபீஸ் என்னை ஈப்போவுக்கு மாற்றிவிட்டது. ஈப்போவில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒழுங்கான பதில் வரவில்லை.

ஆகவே, கமிட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர்களே, போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். உங்களில் இரண்டு பேர் என்னைவிட மூத்தவர்கள். பரவாயில்லை, பொறுத்துக்கொண்டு கேளுங்கள். குழி எவ்வளவு ஆழம், எரு எவ்வளவு, கன்றைச் சுற்றி மூங்கில் கூடு எப்படிக் கட்டுவது என்றெல்லாம் நான் பேசப் போவதில்லை. அவற்றை யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். மரங்களோடு எனக்கு ஒருநாளும் தகராறு வந்ததில்லை. மனிதர்களோடுதான் வந்தது. அதிலும் கூலி வாங்காமல் வேலை செய்கிற மனிதர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு நன்றி சொல்வதைப் போல ஆபத்தான காரியம் இந்தச் சங்கத்தில் வேறு கிடையாது.

நம் சங்கம் ஏன் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். சாலையோரத்துப் பழைய அங்சானா மரங்கள் ஏதோ நோய் கண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுப்போயின. நகரம் மொட்டையடித்துக்கொண்டு வெயிலில் நின்றது. மோட்டார் கார்களுக்கு ரோடு அகலவேண்டும், சாக்கடைக்கு இடம் வேண்டும் என்று இருந்த அதிகாரிகளை நச்சரித்து நச்சரித்துத்தான் கன்று வைக்க அனுமதி வாங்கினோம். அதிலும் ஒரு நிபந்தனை. எந்தக் கன்று பட்டுப்போகிறதோ அந்த இடம் சாக்கடைக்குச் சொந்தம். மறு கன்று கிடையாது.

இதனால் ஒவ்வொரு கன்றையும் கைப்பிள்ளை மாதிரி பார்க்க ஆள் தேவைப்பட்டது. தொண்டர்களுக்கு ஆளுக்கு ஒரு ரோட்டுத் துண்டு என்று பிரித்துக் கொடுத்தோம். பர்மா ரோட்டில் ஒரு துண்டு மாரியாயி அக்காளுக்கு. அந்த ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடு வைத்துப் பால் விற்பவர். கணவர் இல்லை, அக்காளும் நாலைந்து மாடுகளும்தான் அந்த வீட்டில். அவருடைய மாடு எங்கள் கன்று ஒன்றின் நுனியைக் கடித்துவிட்டது என்று நான் சண்டைக்குப் போனேன், அவரையே தொண்டராகச் சேர்த்துக்கொண்டு திரும்பினேன். பர்மா ரோட்டை மலாய்க்காரர்கள் தண்ணீர் வண்டிச் சாலை என்பார்கள். பேரில் இருந்த தண்ணீர் ரோட்டில் இல்லை. அக்காள்தான் மாட்டுத் தொட்டியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார். அவருடைய துண்டில் இருந்தவை எல்லாம் வேப்பங்கன்றுகள்.

இந்த நேரத்தில்தான் இன்புளுவென்சா காய்ச்சல் வந்தது. அதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நீங்களும் இந்த ஊரில்தான் இருந்தீர்கள். பள்ளிக்கூடங்கள் மூடின, கூட்டம் கூடாதே என்றார்கள், பாசாரில் ஆளுக்கு ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மீன் வாங்கினார்கள். வாசலில் வேப்பிலை செருகாத தமிழ் வீடு இல்லை. ஊரிலிருந்த பெரிய வேப்பமரங்களே இலையில்லாமல் நின்றபோது, இடுப்பு உயரம் இருந்த எங்கள் கன்றுகள் எம்மாத்திரம்? நாலு பேர் ஆளுக்கொரு கொத்து ஒடித்தால் தீர்ந்தது. அக்காள் இருந்ததால் அவை பிழைத்தன. கேட்டு வருகிறவர்களை, மலையடியில் இருக்கும் மரங்களுக்கு வழி சொல்லி அனுப்புவார். கேட்காமல் கை வைக்கிறவர்களுக்குச் சந்தின் கோடியிலிருந்தே குரல் வரும்.

"ஏய்! அந்தக் கொப்பத் தொட்டே, ஒன் வீட்டு வாசல்ல ஒன்னையே கட்டித் தொங்க விட்டுருவேன்!"

மற்றத் தொண்டர்களும் சளைத்தவர்கள் இல்லை. மூக்கில் கற்பூரத் துணியைக் கட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் ஒரு மாட்டுவண்டி நீளம் தள்ளி நின்று, கத்திக் கத்திப் பேசியபடி தண்ணீர் ஊற்றினார்கள். எங்களில் சிலர் அந்தக் காய்ச்சலில் போய்விட்டார்கள். அவர்களைத் தூக்கிப் போனபோது நாங்கள் கூடப் போக முடியவில்லை. அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மழை நின்று வெயில் ஏறியது. காய்ச்சல் தணிந்ததே தவிரப் போகவில்லை. இனிமேல்தான் தண்ணீர் அதிகம் வேண்டும், இப்போது தொண்டர்கள் சோர்ந்தால் ஒரு கன்று மிஞ்சாது. வழக்கமாக ஆண்டுக் கூட்டத்தில் அவர்களை வரிசையாக உட்கார வைத்து, சந்தனம் கொடுத்து, பன்னீர் தெளித்து, மாலை போடுவோம். அதில் ஒரு வருஷத்து அலுப்பு போய்விடும். இந்த முறை கூட்டமே கூடாது என்றால் என்ன செய்வது?

சூலியா தெருவில் காதர் நானாவின் கடையில் யோசித்தோம். நானா நம் பொருளாளர், கயிறும் வாளியும் விற்கிறவர், மரங்களுக்குத் தண்ணீர் சுமக்கிற வாளியெல்லாம் அவர் உபயம். இன்னொருவர் எங்கள் உபதலைவர், தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். நானும் சேர்ந்து மூன்று பேர்.

"ஆளு மாலைகிட்ட வர முடியாட்டி என்னா? மாலை ஆளுகிட்ட போகட்டுமே," என்றார் நானா.

நான் துள்ளிக் குதித்தேன். வாத்தியார் உடனே அட்டையும் பேனாவும் கேட்டார். ஒவ்வொரு மாலையோடும் ஒரு வாசகம் போகவேண்டுமாம். எழுதிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"திருமதி மாரியாயி அம்மாள் அவர்கள். அன்னாரது அரும்பணியை நிழல் சங்கத்தார் என்றும் மறவோம்."

"ஆஹா!" என்றோம் நானும் நானாவும். பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் அதையே எழுதினார்.

பூக்கடைக்காரருக்கு அந்த மாதங்களில் ஒரே தினுசு மாலைதான் கைக்குப் பழகியிருந்தது. என்ன விசேஷம் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கொண்டுபோக ஒரு சீன ரிக்‌ஷாக்காரரை அமர்த்தினோம். எந்த வீட்டில் காய்ச்சலோ என்று அவருக்குப் பயம். அதனால் விடிந்தும் விடியாமலும், எந்தப் படியும் ஏறாமல், கீழே நின்றபடியே கையை எட்டிக் கதவு நாதாங்கியில் மாலையை மாட்டி, அட்டையைச் செருகிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்க்கொண்டே இருந்தார்.

நண்பர்களே, இப்போது கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தெருவுக்குத் தெரு சாவு. காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக் கதவில் ஒரு மாலை தொங்குகிறது. கூடவே, 'அன்னாரது அரும்பணியை என்றும் மறவோம்.'

படகுத்துறையில் வேலை பார்க்கும் ஒரு தொண்டர் வழக்கம்போல வேலைக்குப் போனாராம். மேஸ்திரி அவரைப் பார்த்ததும் மூட்டைகளின் பின்னால் ஒளிந்துகொண்டு, "நீ போயிட்டதா சொன்னாங்க, வேற ஆளப் போட்டுட்டேன்பா, கோவிச்சுக்காதே," என்று கும்பிட்டாராம். இன்னொருவரின் மாமியார் அக்கரையில் இருக்கும் புக்கிட் தெங்காவிலிருந்து மாரில் அடித்துக்கொண்டே படகேறி வந்து, மருமகன் காப்பி குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "இதுக்கா இவ்வளவு தூரம் அழுதுகிட்டு வந்தேன்!" என்று அதற்கும் சேர்த்து அழுதாராம்.

இவையெல்லாம் அன்றைக்கே சிரிப்பாகிவிட்டன. மாரியாயி அக்காள் காரியம் சிரிப்பாகவில்லை.

மாலை தொங்கியபோது அக்காள் பின்கட்டில் பால் கறந்துகொண்டிருந்தார். அடுத்த வீட்டுப் பெண் பார்த்துவிட்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். எதிர்வீட்டுக் கணக்குப்பிள்ளை எட்ட நின்றே அட்டையைச் சந்து முழுவதற்கும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். செம்போடு வந்தவர்கள் முக்கிலிருந்தே திரும்பி ஓடினார்கள். பால்கார வீட்டில் காய்ச்சல் சாவு! அந்த வீட்டுப் பாலை யார் வாங்குவார்கள்? அக்காள் பால் பானையோடு வெளியே வந்தபோது சந்தில் ஈ காக்கை இல்லை. கதவில் மாலை மட்டும் இருந்தது. அவர் மாலையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

எங்களுக்குச் செய்தி வந்து மூன்று பேரும் ஓடினோம். சந்துச் சாக்கடை வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. காலைப் பால்.

"அக்கா, நான்தான், காரியதரிசி வந்திருக்கேன். கதவத் தொறங்க."

"யாரக் கேக்குறீங்க தம்பி? அன்னாரயா? அன்னாரு செத்துப் போயிட்டாங்க."

"ஐயோ அக்கா, சனங்க தப்பா நெனச்சிட்டாங்க..."

"அவுங்க எங்க தப்பா நெனச்சாங்க? நீங்கதான் எழுதியே குடுத்திட்டீங்களே. செத்தவ கதவு தொறப்பாளா? செத்தவ மரத்துக்குத் தண்ணி ஊத்துவாளா? போங்க."

"அந்த மாலைய மட்டும் குடுங்க அக்கா, நாங்க..."

"மாடு தின்னுருச்சு."

இதையெல்லாம் அவர் மெல்லிய குரலில் சொன்னார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சாயங்காலக் கறவைக்கும் ஆள் வராவிட்டால், நாளையிலிருந்து வாடிக்கைக்காரர்கள் அடுத்த தெரு வங்காளிப் பால்காரரிடம் நிலையாகப் போய்விடுவார்கள். பிறகு மாடுகளை விற்பதைத் தவிர அக்காளுக்கு வேறு வழியில்லை. எங்கள் நன்றி ஒரு மனுஷியின் பிழைப்பை ஒரு காலைப்பொழுதில் குடித்துவிட்டது.

சந்து முனையில் நின்று அவசரக் கமிட்டி கூடினோம்.

"நோட்டீஸ் அடிப்போம்," என்றார் வாத்தியார். "'மாரியாயி அம்மாள் சுகமாக இருக்கிறார்கள்' என்று."

"வாத்தியாரே, நீங்க இனிமே எழுதாதீங்க," என்றார் நானா. "சுகமா இருக்காங்கன்னு நோட்டீஸ் போட்டா, இவ்வளவு நாளா காய்ச்சல்ல கெடந்தாங்கன்னு ஆயிடும்."

"அப்ப என்னதான் செய்றது நானா?"

"மேளம் வெச்சு ஊர்வலமா..."

நானும் வாத்தியாரும் அவரையே பார்த்தோம். சொல்லி முடிக்குமுன் அவருக்கே புரிந்துவிட்டது. மேளத்தோடு இந்தச் சந்துக்குள் நுழைந்தால் மிச்சமிருக்கிற சந்தேகமும் தீர்ந்துவிடும். பழத்தட்டோடு போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றேன் நான். துக்கம் விசாரிக்க வந்ததாக நினைப்பார்கள் என்றார் வாத்தியார். சந்தனம், பன்னீர், நாலு வார்த்தை மேடைப் பேச்சு, எதைச் சொன்னாலும் அது ஒரு பாடையின் பக்கத்தில் போய் நின்றது.

"எல்லாம் விடுங்க," என்றார் நானா. "பாலுதானே பயம்? நானே வாங்கி, நடுச்சந்துல நின்னு குடிச்சிக் காட்டுறேன்."

துணிச்சலான யோசனைதான். ஜன்னல் வழியாகக் கேட்டதற்கு, சாக்கடைக்குப் போகாமல் மிஞ்சியிருந்த ஒரு செம்பு பால் வெளியே வந்தது. நானா அதை ஏந்திக்கொண்டு சந்தின் நடுவில் போய் நின்றார். அவ்வழியே வந்த ஒரு பெரியவர் செம்பைப் பார்த்தார், மூடிய கதவைப் பார்த்தார், தலைப்பாகையைக் கழற்றினார்.

"பாலூத்துறது இன்னைக்கேவா? எடுத்தாச்சா?"

நானாவுக்குப் புரையேறிவிட்டது. "ஐயா, அவுங்க உசிரோட இருக்காங்கய்யா!"

"ஆமா பாய், ஆமா," என்று அவர் நானாவின் தோளைத் தட்டினார். "நம்ம மனசுல என்னைக்கும் உசிரோடதான் இருப்பாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். போகும்போது எங்களிடம், "வேற சாதி, வேற மதம், பாருங்க, பாய் கூட வந்து பாலூத்துறாரு. நல்ல மனுசிதான் போயிருக்கா," என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் பர்மா ரோட்டுப் பக்கம் திரும்பினேன். அங்கே கண்ட காட்சியில் என் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காளின் வேப்பங்கன்றுகளைச் சுற்றி ஏழெட்டுப் பேர். மூங்கில் கூட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கொத்துக் கொத்தாக ஒடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாரியாயிக்கே காய்ச்சல் வந்து கொண்டுபோயிருச்சாம். நம்ம வாசல்ல இன்னும் ரெண்டு கொத்து செருகணும்லா," என்று ஒருத்தி சொல்வது காதில் விழுந்தது.

வாத்தியார் குடையை ஓங்கிக்கொண்டு அவர்களை விரட்டப் பாய்ந்தார். நானும் பாய்ந்திருப்பேன். கால் எடுத்து வைத்தும் விட்டேன். ஆனால் அந்த அரை நிமிஷத்தில் எனக்கு ஒன்று பட்டது. மாலையும் மேளமும் போனவர்க்கும் உண்டு, இருப்பவர்க்கும் உண்டு. போனவரிடம் யாரும் போய் முறையிடுவதில்லை. நான் வாத்தியாரின் குடையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க ஐயா, ஒடிக்கட்டும்!"

"என்னப்பா சொல்றே? கன்னு போயிடும்!"

உண்மைதான், போனாலும் போய்விடும். போனால் மறு கன்று கிடையாது. அது தெரிந்துதான் நான் எதிர்த்திசையில் ஓடினேன். அக்காள் கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

"அக்கா! ஒங்க கன்ன ஒடிக்கிறாங்க!"

உள்ளேயிருந்து, "செத்தவளுக்கு என்னா கன்னு?"

"நீங்க செத்துட்டீங்கன்னுதான் அக்கா ஒடிக்கிறாங்க! ஒங்களக் கொண்டுபோன காய்ச்சல் அவுங்க வீட்டுக்கு வந்துருமாம், ஒங்க கன்னுலேயே வேப்பிலை பறிக்கிறாங்க!"

"எந்தக் கன்னுல?"

"எல்லாத்துலயும்! ரோட்டு முக்குல இருக்கிறதுல கொப்பே இல்ல!"

தாழ்ப்பாள் தெறித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அக்காள் மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டு வெளியே வந்தார். சந்தைத் தாண்டுமுன்பே குரல் ரோட்டுக்குப் போய்விட்டது.

"எவடி அவ, எங் கன்னுல கை வெச்சவ! நான் செத்தா ஒனக்கு வேப்பிலை, நீ செத்தா எனக்கு என்னாடி குடுப்பே?"

ஒடித்தவர்கள் ஒடித்த இலையை அப்படியே போட்டுவிட்டு நான்கு பக்கமும் சிதறினார்கள். "ஆலாமா! பேய்!" என்று ஒருவன் சாக்கடையைத் தாண்டினான்.

"பேய்க்கு இவ்வளவு வசவு தெரியாது," என்றார் வாத்தியார், தமிழ் வாத்தியார் என்ற முறையில்.

அக்காள் அங்கேயே நிற்கவில்லை. கயிற்றை வீசியபடி சந்துக்குத் திரும்பி, வீடு வீடாகப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டு வந்தார். யார் கன்றை ஒடித்தார்கள், யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒப்பாரி வைத்தவள் ஏன் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று வரிசையாக வந்தது. சாத்தியிருந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. காய்ச்சல் வீட்டுக்காரிக்கு இந்தத் தொண்டை இருக்காது என்று ஒவ்வொரு ஜன்னலுக்கும் தெரிந்துவிட்டது. கடைசியாக எங்களிடம் வந்தார்.

"அன்னாராமில்ல, அன்னாரு! யாரு அந்த அன்னாரு?"

வாத்தியார் நானாவின் பின்னால் போய் நின்றுகொண்டார். நானாவோ கையிலிருந்த செம்பைக் காட்டி, "நான் பாலு குடிக்க வந்தேன் ஆத்தா," என்றார்.

அந்த முக்குக் கன்று பிழைக்கவில்லை. ஈப்போவுக்கு நான் போன பிறகும் நீங்கள் பர்மா ரோட்டில் நடந்தால், அந்த இடத்தில் சாக்கடை இருப்பதைப் பார்க்கலாம். வாத்தியாரை நான் விட்டிருந்தால் ஒருவேளை அது பிழைத்திருக்கும். இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். மறுபடி அந்தச் சந்தில் நிறுத்தினாலும் கதவைத்தான் தட்டுவேன். மற்றக் கன்றுகள் துளிர்த்துவிட்டன.

அதற்குப் பிறகு நாங்கள் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. காய்ச்சல் ஓயும் வரை நானே ஒவ்வொரு தொண்டர் வாசலிலும் எட்ட நின்று, "அண்ணே, ஒங்க துண்டுல ரெண்டாவது கன்னு சாயுது, எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல," என்று முறையிட்டேன். பொய் சொல்லவில்லை; எங்கேயாவது ஒன்று சாய்ந்துகொண்டுதான் இருந்தது. என்னை முட்டாள் என்று திட்டிக்கொண்டே கிளம்பி வந்தார்கள். அந்த வெயில் முழுக்க ஒருவரும் விலகவில்லை. 'மறவோம்' என்பதை, நண்பர்களே, போனவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிறவரிடம் போய், அவர் வராத அன்று எது கெட்டுப்போயிற்று என்று விவரமாகச் சொல்லுங்கள். திட்டு விழும். விழட்டும்.

அக்காள் கயிற்றோடு வெளியே வந்த அன்று சாயங்காலம், கறவை நேரத்தில், நாங்கள் மூன்று பேரும் வாளி சுமந்துகொண்டிருந்தோம், அக்காளின் உத்தரவு. மிஞ்சிய கன்றுகளுக்கு உடனே தண்ணீர் போகவேண்டுமாம். ஆள் வருமா என்று சந்து முனையையே பார்த்துக்கொண்டு நடந்தோம். கொஞ்ச நேரம் யாரையும் காணோம். அக்காள் பானை முன்னால் உட்கார்ந்து, பாராத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கணக்குப்பிள்ளை செம்போடு வந்தார். அவருக்குப் பின்னால் ஒப்பாரி வைத்தவள், அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லார் முகமும் கோணியிருந்தது. கணக்குப்பிள்ளை செம்பை நீட்டி, காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி குரலை வைத்துக்கொண்டார்.

"அக்கா, இன்னைக்காவது தண்ணி கலக்காம ஊத்துங்கலா."

நானா வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். அக்காள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு, எங்கள் கையிலிருந்த நிறைந்த வாளிகளையும் அவை போகிற ரோட்டையும் கையை நீட்டிக் காட்டினார்.

"கண்ணு தெரியல? இருக்கிற தண்ணி பூரா மரத்துக்குப் போவுது. ஒங்க பாலுக்கு நான் தண்ணிக்கு எங்கய்யா போவேன்?"